1473

எங்கள் தொழிற்சாலையில் கத்திகளுக்குப் பெயர் இல்லை.
எண்தான்.
முதல் இலக்கம் அலகு எத்தனை என்று,
அடுத்தது பிடி எலும்பா, கொம்பா, கருங்காலியா என்று,
மிச்சம் இரண்டும் அச்சு.
‘எண் பொய் சொல்லாது, மிஸ் எக்ஸ்ட்ரோம்’
என்பார் திரு. க்ரேபில்,
பென்சில்வேனியாவின் குளிரைக்
கோட்டிலிருந்து தட்டிக்கொண்டே.

கடிதம் எழுதுகிறவர்கள் எண்ணைப் படிப்பதில்லை.
‘தோணி மாதிரி இருக்குமே, அதில் இரண்டு.’
‘அந்த நிலக்கடலை.’
‘போன முறை அனுப்பினீர்களே, பல்குத்தி.’
நான் பிரிக்கிறேன், யோசிக்கிறேன், எடுத்து அனுப்புகிறேன்.
யானைக்கால் நகம் கேட்டு எழுதுகிறவன்
யானையைக் கண்டிருக்கவே மாட்டான்,
சர்க்கஸ் ரயில் அவன் ஊரில் நிற்பதில்லை.
அதே கத்திக்கு
விஸ்கான்சின் ஏரிக்கரையில் சூரியமீன் என்று பெயர்.
இருவருக்கும் ஒரே பெட்டியிலிருந்துதான் எடுத்தேன்.

ஒருமுறை முதலாளியே பெயர் வைத்தார்.
செனட்டர்.
பொன்னெழுத்தில் பொறிக்கச் செய்தார்.
இரு முனையும் சரிவாக வெட்டிய பிடி அதற்கு.
ஆர்டர்கள் வந்தன, நிறையவே வந்தன,
எல்லாம் ‘சவப்பெட்டி’ கேட்டு.
இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

நான் சொல்ல வந்தது 1473.

மார்ச் மாதம். நனைந்த உறை.
டெரெ ஹோட்டிலிருந்து ஓரன் ஷ்ரோயர்,
கண்ணாடி பொருத்துகிறவர்,
பென்சிலால் கேட்டிருந்தார்:
விண்டோ கத்தி, ஒரு டஜன்.
பேரேட்டில் நான் எழுதியது:
விடோ.

நடுவில் ஒரு ண் விழுந்துவிட்டது.
மழையா, அவர் கட்டைவிரலின் புட்டி எண்ணெயா,
சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என் கண்ணா,
தெரியாது.
அச்சுக்காரன் என் பேரேட்டைப் பார்த்தான்,
விலைப்பட்டியல் பன்னிரண்டாயிரம் பிரதி போயிற்று.
ஜன்னலை எடுத்துவிட்டு அந்த இடத்தில்
கறுப்பு உடுத்திய ஒருத்தியை
நான் உட்காரவைத்திருந்தேன்.

அப்புறம் காரணங்கள் வரத் தொடங்கின.

கென்டக்கி போய்வந்த விற்பனையாளர் டில்லிங்ஹாஸ்ட்
மேசை மேல் தொப்பியை வைத்துச் சொன்னார்:
‘ஒற்றை அலகு பாருங்கள், துணை அலகு கிடையாது,
அதனால்தான்.’
கருங்காலிப் பிடி, துக்கத்தின் கறுப்பு
என்றார் கணக்குப்பிள்ளை.
நெப்ராஸ்காக்காரர் ஒருவருடைய அப்பாவுக்கு
அந்த விதவையை நேரிலேயே தெரியுமாம்.
புருஷன் மரம் அறுக்கும் ஆலையில் போனானாம்,
இவள் இந்தக் கத்தியால் உருளைக்கிழங்கு சீவியே
ஏழு பிள்ளைகளை வளர்த்தாளாம்.
எந்த மாவட்டம் என்றுகூட எழுதியிருந்தார்.

மைக்கூட்டை மூடினேன்.
இருக்கும், என்றேன்.

நாலாம் வருஷம் மறுபடி ஷ்ரோயர்.
‘விண்டோ கத்தியை நிறுத்திவிட்டீர்களாமே.
கடைக்காரர் தருவது விடோவாம்.
அதே பிடி, அதே அலகு, குறையொன்றும் இல்லை.
ஆனால் புட்டி அப்பும்போது
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
யாரோ நிற்கிறாற்போல் இருக்கிறது.’

அதற்கு நான் பதில் எழுதவில்லை.
எழுத உட்கார்ந்தேன், இரண்டு தரம்.

போன வாரம் வெர்மான்ட்டிலிருந்து ஒரு கார்டு,
திருமதி லவினா பெக்ஃபோர்ட், நேரான கையெழுத்து:
‘உங்கள் விடோவில் இன்னொன்று அனுப்புங்கள்.
முதலாவது கிணற்றில் விழுந்துவிட்டது. நன்றாக வெட்டிற்று.
நானும் அதுதான், ஒன்பது வருஷமாக,
பெயருக்கும் கத்திக்கும் ஒற்றுமை எதுவும் தென்படவில்லை.
தயவுசெய்து பெட்டியின் மேல் அதை எழுத வேண்டாம்.
தபால்காரர் ஏற்கெனவே ஒருவிதமாகப் பார்க்கிறார்.’

எண்ணெய்த்தாளில் சுற்றி வைத்தேன்.
சீட்டில் 1473, ஒன்று,
எடை மூன்று அவுன்ஸ்.
பசை காயும்வரை
பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன்.